வெளிநாட்டில் இசைத்தட்டு தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மாயவரம், தஞ்சாவூர்ப் பக்கம் பிள்ளைகளைப் பார்க்க சிங்கப்பூருக்கோ நியூஜெர்சிக்கோ போய்வராத குடும்பம் இப்போது குறைவு. போகிறவர்களில் பாட்டுக் கேட்கும் பழக்கம் உள்ளவர்கள், அங்கே பழைய ரெக்கார்டு கடை ஒன்று கண்ணில் பட்டால் நுழையாமல் வரமாட்டார்கள். திரும்பும்போது பெட்டியில் பத்து இருபது தட்டு இருக்கும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அவற்றில் பாதி உறையைவிட்டு வெளியே வந்திருக்காது. நான் எதைக் கேட்கிறேன், எந்த நேரத்தில் கேட்கிறேன் என்று யோசிக்காமல் கடைக்குள் போவதால் வருவது இது. இன்னும் பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பட்டியலை வைத்துக்கொண்டு வாங்குவது அதில் முதலாவது. "ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டிய தட்டுகள்" என்று மேல்நாட்டார் ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள். அதில் இருப்பவை நல்ல இசைதான், சந்தேகமில்லை. ஆனால் விடியற்காலையில் பூபாளமும் ராத்திரியில் நீலாம்பரியும் கேட்டுப் பழகிய காதுக்கு, ஜாஸ் தட்டு நாற்பது வாங்கினால் அது எந்த நேரத்தில் சுழலும்? புது இசையைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று வாங்கி, அவை பிடித்துப்போன பிறகு மேலே போகலாம். பயணத்துக்கு முந்தின மாதம், வீட்டில் உண்மையில் எதைக் கேட்டீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். வெளிநாட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய பட்டியல் அதுதான்.

அப்புறம், நம் இசையைத் தவறான இடத்தில் தேடுவது. மேல்நாட்டுக் கடைகளில் கர்நாடக சங்கீதத்துக்கென்று தனி அடுக்கு கிடைப்பது அரிது. 'உலக இசை' என்ற பெட்டியில், சிதார் தட்டுகளுக்கு நடுவே, ஏதோ ஒரு நாட்டின் மத்தளத்துக்குப் பக்கத்தில் சொருகியிருப்பார்கள். பாடகர் பெயரைவிட, வெளியிட்ட நிறுவனத்தின் பெயரை வைத்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் 1960களின் இறுதியில் ராம்நாட் கிருஷ்ணனின் பாட்டைத் தட்டாக வெளியிட்டது. கலிபோர்னியாவின் வேர்ல்ட் பசிபிக், பிரான்சின் ஒக்கோரா ஆகிய பெயர்களையும் நினைவில் வையுங்கள். பிரெஞ்சு இசை ஆய்வாளர் ஆலன் டேனியலு பதிவுசெய்து 1950களில் பிரான்சில் வெளியான இந்திய இசைத் தொகுப்பில் டி.கே.பட்டம்மாளும் பாலசரஸ்வதியும் இருக்கிறார்கள். தஞ்சை அரண்மனைக் கலைஞர் பரம்பரையில் வந்த பாலசரஸ்வதியின் குரலைப் பாரிஸில் ஏதாவது ஒரு பழைய கடையின் அடித்தட்டில் கண்டெடுக்க வாய்ப்பிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

நாகஸ்வரத்தை, மேல்நாட்டு ஊதுகுழல் ஒன்றின் பெயரை வைத்து, 'தென்னிந்திய ஓபோ' என்று பின்னட்டையில் எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் ஒவ்வொரு தட்டில் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் இருக்கும். திருவீழிமிழலை என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். கடைக்காரரிடம் ஒரே எழுத்துக்கூட்டலைக் கொடுத்துவிட்டு, இல்லை என்றதும் திரும்பி வருவது சரியல்ல. பெட்டியை நீங்களே புரட்ட அனுமதி கேளுங்கள்.

மலேசியாவும் சிங்கப்பூரும் இதில் தனி ரகம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் போய்க்கொண்டிருந்த காலத்தில் குடியேறியவர்கள் நம் பக்கத்து ஆட்கள்தான். அவர்கள் வீடுகளில் கேட்ட தமிழ்த் தட்டுகள் இன்றும் பழைய சாமான் சந்தைகளுக்கு வருகின்றன. பெட்டாலிங் ஜெயாவில் ஆம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் சந்தையில் நிதானமாகப் பாருங்கள். சிங்கப்பூரில் பழைய ஆட்கள் சொல்லும் சுங்கே ரோடு சந்தையைத் தேடி அலைய வேண்டாம். அது 2017இலேயே மூடப்பட்டுவிட்டது.

உறையின் அழகைப் பார்த்துத் தட்டைப் பார்க்காமல் வாங்குவது எல்லோரும் செய்வதுதான். தட்டை வெளியே எடுத்து, ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் பிடித்து, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் ஓசையில் தெரியாது. குறுக்கே ஆழமாகப் போகும் கீறல்தான் ஆபத்து. எல்.பி. என்கிற நீண்ட நேரத் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். அந்தக் கீறல் ஒவ்வொரு 1.8 விநாடிக்கும் ஒரு 'டக்' போடும். சினிமாப் பாட்டில் அது அமுங்கிப்போகலாம், ஆனால் விளம்ப கால ஆலாபனைக்கு நடுவில் தாளம் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தட்டுவது போல இருக்கும். உங்கள் இசை எது என்பதை வைத்தே தட்டின் நிலைமையை எடைபோட வேண்டும். கடையில் போட்டுக் கேட்கும் வசதி இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆரம்பத்தை மட்டும் கேட்காமல், முள்ளை லேபிளுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். தேய்மானமும் கரகரப்பும் முதலில் தெரிவது அங்கேதான்.

இனி வேகமும் சுருதியும். இதைத்தான் நம் ஆட்கள் அதிகம் கவனிப்பதில்லை. நம்மைப்போலச் சுருதிக் காது உள்ளவர்கள் கவனிக்காமல் விடக்கூடாத விஷயமும் இதுதான்.

அமெரிக்காவில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடுகிறார்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 அலை). இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் சரியாகிவிடும், ஹெர்ட்ஸ் மாறாது. பழைய பெல்ட் பிளேயர்கள் பலவற்றின் மோட்டார், வரும் ஹெர்ட்ஸுக்குத் தகுந்தபடிதான் சுழலும். 60இல் ஓட வேண்டியது 50இல் ஓடினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். அதாவது 5 கட்டையில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். பெண் குரல் கிட்டத்தட்ட ஆண் குரலாகக் கேட்கும், கமகங்கள் எல்லாம் இழுவையாகிவிடும். ஜப்பானில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அங்கே மின்சாரம் 100 வோல்ட்தான், ஆனால் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுழற்றும், குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடும் டைரக்ட் டிரைவ் பிளேயர்களுக்கும், அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. மற்றவற்றில் 50க்கும் 60க்கும் தனித்தனிப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். என்னைக் கேட்டால், பிளேயரை இங்கேயே வாங்கிக்கொண்டு, அங்கே தட்டை மட்டும் தேடுங்கள்.

நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டுகளிலும் சுருதி விளையாடும். ஆரம்ப காலத்தில் எல்லாத் தட்டுகளும் கச்சிதமாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் 6 சதவீதம் மாறினாலே சுருதி அரைக் கட்டை நகர்ந்துவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள பிளேயரை வைத்து, சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்துக் கேளுங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நீளமான பாரி நாயனத்தை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். அந்தக் கனமான நாதம், குட்டை நாயனமான திமிரி போலக் கீச்சென்று கேட்டால் பழியைத் தட்டின் மேல் போடாதீர்கள். முதலில் வேகத்தைச் சரிபாருங்கள்.

அதே மூச்சில் இன்னொன்று. 78 தட்டை வைத்து ஒரு வித்வானை அளந்துவிடக் கூடாது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான். விடிய விடியத் தோடி வாசித்தவரை மூன்று நிமிஷத்துக்குள் அடக்கினால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைக்கும். அந்தச் சுருக்கத்துக்குள் எந்தப் பிடியை முதலில் எடுக்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கேட்பது தனிச் சுகம். திரும்பத் திரும்பக் கேட்டால்தான் அது பிடிபடும்.

முள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 78 தட்டில் முள் ஓடும் கோடு அகலமானது, அதற்கு எல்.பி. முள்ளைப்போல மூன்று நான்கு மடங்கு பருமனான முள் வேண்டும். எல்.பி. முள்ளை அதில் வைத்தால் கோட்டின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் பொறுக்கும். 78க்கான முள்ளை எல்.பி.யில் வைத்தால் தட்டே பாழ். குழல் வைத்த கிராமபோன் பெட்டியில் எல்.பி.யைப் போட்டுக் காட்டச் சொல்லும் உறவினர்களுக்குக் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அந்த இரும்பு ஊசியின் பாரம் ஒரே தடவையில் கோட்டைச் சுரண்டிவிடும். வெளிநாட்டுச் சந்தையில் நாய்ப்படம் போட்ட 'பழங்கால' குழல் கிராமபோன் கண்டாலும் ஜாக்கிரதை. அவற்றில் பல இந்தியாவிலேயே அண்மைக் காலத்தில் செய்து அனுப்பப்பட்டவை.

கொண்டுவரும்போது ஒரு எல்.பி. உறையோடு சுமார் கால் கிலோ. 7 கிலோ கைப்பையில் இருபத்தைந்து தட்டுக்கு மேல் போகாது. 78 தட்டு கண்ணாடி மாதிரி உடையும், அதைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. தட்டுகளைப் படுக்க வைக்காமல், இறுக்கமாக நிமிர்த்தி அடுக்குங்கள். தபாலில் வரவழைத்தால் வரி தனி, கடையில் சொன்ன விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஊரில் இறங்கி, திருச்சி விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் சாப்பிட நிறுத்தும்போது தட்டுகளைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் எல்.பி.யின் வினைல் பிளாஸ்டிக் வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்துவது லேசில் நடக்காது.

வீட்டுக்கு வந்ததும் துடைக்கத் தோன்றும். ஸ்பிரிட் கலந்த திரவத்தால் 78 தட்டைத் துடைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய நாசம். அந்தத் தட்டு அரக்கால் ஆனது. நம் தச்சர்கள் கதவுக்குப் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில்தானே. தட்டும் அதே மாதிரி கரையும். காய்ச்சி வடித்த தண்ணீரும் மென்மையான துணியும் போதும், லேபிளில் ஈரம் படக்கூடாது.

டெல்டாவில் வைத்துக் காப்பாற்றுவது இன்னும் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே ஓதம் ஏறி நிற்கும். உறையில் பூஞ்சை பூத்து, அது தட்டின் கோட்டுக்குள் இறங்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், தரையோடு தரையாகவும் வேண்டாம். பளபளக்கும் கெட்டி பி.வி.சி. உறைகளுக்குள் வருஷக்கணக்கில் வைத்தால் தட்டின் மேல் மங்கலாகப் படலம் கட்டும், பாலித்தீன் உறையே போதும். மழை விட்டதும் தட்டுகளை எடுத்துக் காற்றாட வையுங்கள், வெயிலில் அல்ல.

கேட்கும் பழக்கத்துக்கு வருகிறேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தட்டைப் போடுவதும், பிடித்த பாட்டுக்கு முள்ளைத் தூக்கித் தூக்கி வைப்பதும் தட்டையும் கெடுக்கும், காதையும் கெடுக்கும். ஒரு பக்கம் இருபது நிமிஷம். பெருமாள் கோயில் புறப்பாட்டில் நாயனத்தின் முன்னால் நாம் அதைவிட அதிக நேரம் நிற்கிறோம். ஒரு பக்கத்தை முழுக்க உட்கார்ந்து கேளுங்கள், மறுநாள் அதே பக்கத்தை மறுபடி கேளுங்கள். அரிய தட்டு கிடைத்தால் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். திருவையாறு இசைக் கல்லூரியில் நாயனமோ பாட்டோ படிக்கும் பிள்ளைகள் உங்கள் தெருவில் இருந்தால் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். அமெரிக்காவில் பிறந்து, புல்லாங்குழல் வித்வான் டி.விஸ்வநாதனிடம் கற்று, 1960களில் திருவையாறு ஆராதனையில் பாடிய ஜான் ஹிக்கின்ஸின் தட்டு கையில் இருந்தால் அதையும் போடுங்கள். சாகித்யம் எப்படித் தெளிவாக வருகிறது என்று அவர்கள் கேட்கட்டும்.

அவர்களுக்குக் கொடுக்க கம்ப்யூட்டரில் பதிவு எடுத்தால், இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவோடு பயன்படுத்துங்கள். அது 'இதுதான் இரைச்சல்' என்று நாம் காட்டும் துண்டை வைத்து மொத்தப் பதிவிலிருந்தும் அந்த ஒலியைக் கழிக்கிறது. வாசிப்பு தொடங்கும் முன்னால் வெறும் கரகரப்பு மட்டும் கேட்கும் விநாடிகளை அதற்கு மாதிரியாகக் கொடுங்கள். நாயனத்துக்குச் சுருதி கூட்டும் ஒத்து ஊத ஆரம்பித்த பிறகு எடுத்துக் கொடுத்தால் இரைச்சலோடு ஒத்தும் போய்விடும்.