பெர்சி ஜாக்சன் உலகம்: வாசிப்பு வரிசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் என் அக்காள் மகள் ‘தி ஹிடன் ஆரக்கிள்’ நூலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெர்சி ஜாக்சன் என்ற சிறுவனின் கதையைச் சொல்லும் முதல் ஐந்து நூல்களை அப்போதுதான் முடித்திருந்தாள். அடுத்ததாக இதை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். அட்டையில் ‘முதல் நூல்’ என்று போட்டிருக்கிறதே என்றாள். பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் அதே ஐந்து நூல்களை முடித்த கையோடு, அதே காரணத்துக்காக, அதே நூலைத்தான் எடுத்தேன். அந்த இழப்பை என்னால் இன்றுவரை ஈடுகட்ட முடியவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரையர்டன் 2005 முதல் எழுதிவரும் இந்த உலகத்தில் கிரேக்க, ரோமானிய, எகிப்திய, நார்ஸ் புராணங்களை அடிப்படையாகக் கொண்ட ஐந்து தொடர்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்கின்றன. ஒரு தொடருக்குள் மூன்றாம் நூலை முதல் நூலுக்கு முன் படிக்கக் கூடாது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடருக்கும் தொடருக்கும் இடையில் நேரும் தவறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

திரைப்படம் பார்த்தாயிற்று என்று இரண்டாம் நூலில் தொடங்குவது

நூலில் பெர்சிக்கு வயது 12. 2010இல் வந்த படத்தில் அவன் வளர்ந்த இளைஞன். பதினாறாம் வயதைக் குறிவைக்கும் ஒரு தீர்க்கதரிசனத்தை நோக்கித்தான் ஐந்து நூல்களும் ஆண்டுக்கணக்கில் நகர்கின்றன என்பதால், முதல் நூலின் இடத்தைப் படத்தால் நிரப்ப முடியாது.

நடுவில் உள்ள ‘ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ தொடரைத் தாண்டிச் செல்வது

இந்தத் தவறை எத்தனை பேர் செய்வதைப் பார்த்தாலும் எனக்கு இன்னும் மனம் ஆறுவதில்லை. முதல் தொடர் 2009இல் ‘தி லாஸ்ட் ஒலிம்பியன்’ நூலோடு முடிகிறது. அதன் நேரடித் தொடர்ச்சியான ‘ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ 2010 முதல் 2014 வரை ஐந்து நூல்களாக வந்தது. அதன் தொடர்ச்சியே 2016இல் ‘தி ஹிடன் ஆரக்கிள்’ நூலில் தொடங்கி 2020இல் முடிந்த ‘தி ட்ரையல்ஸ் ஆஃப் அப்போலோ’. மூன்றும் சேர்ந்து பதினைந்து நூல்கள் கொண்ட ஒரே நெடுங்கதை. ஆனால் ஒவ்வொரு தொடரும் தன் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதால், புதிதாக வருபவர்கள் அவற்றை மூன்று தனிக்கதைகள் என்று நம்பிவிடுகிறார்கள்.

போதாக்குறைக்கு, ‘தி ஹிடன் ஆரக்கிள்’ நம்மை நன்றாகவே ஏமாற்றும். மனிதனாகும்படி தண்டிக்கப்பட்ட கிரேக்கத் தெய்வம் அப்போலோ நியூயார்க்கில் வந்து விழுந்ததும் தேடிச் செல்வது பெர்சியின் வீட்டைத்தான். பிறகு தெய்வங்களின் பிள்ளைகளுக்கான, நமக்கு நன்கு பழகிய அதே முகாம், அதே குடில்கள். முதல் ஐந்து நூல்களை மட்டும் படித்தவருக்குத் தன் வீட்டுக்கே திரும்பி வந்தது போல் இருக்கும். இடையில் ஐந்து நூல்கள் விடுபட்டிருக்கின்றன என்ற சந்தேகமே எழாது. எனக்கும் எழவில்லை. நூலின் இறுதியில் ஒருவன் முகாமுக்குத் திரும்பி வருகிறான். அங்கிருப்பவர்கள் வரிசையில் நின்று, முறை வைத்து, ஒவ்வொருவராக அவனை அடிக்கிறார்கள். அந்த அடிகளில் எவ்வளவு அன்பும் எத்தனை மாதத் தவிப்பும் இருந்தன என்பது தெரியாமல், முன்பின் அறியாதவர்கள் வீட்டு விசேஷத்தை வாசலில் நின்று பார்ப்பவன் போல அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டேன். பிறகு 2014இல் வந்த ‘தி பிளட் ஆஃப் ஒலிம்பஸ்’ நூலுக்குப் போனபோது, அதன் கடைசி அத்தியாயங்களில் எந்தக் கேள்விக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்திருக்க வேண்டுமோ அதற்கான விடை எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரண்டு நூல்களும் ஒரே நேரத்தில் கெட்டுப்போயின.

இழப்பு அதோடு நிற்கவில்லை. ‘ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ தொடரின் முதல் நூலான ‘தி லாஸ்ட் ஹீரோ’ எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். ஜேசன் என்ற சிறுவன் ஒரு பள்ளிப் பேருந்தில் கண்விழிக்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண் யார் என்பது கூட அவனுக்கு நினைவில்லை. முகாமுக்கு வந்த பின், எல்லோரும் கிரேக்கப் பெயர்களால் அழைக்கும் தெய்வங்களை அவன் வாய் தானாகவே லத்தீன் பெயர்களால் அழைக்கிறது. எல்லோர் கையிலும் வெண்கல ஆயுதங்கள் இருக்க, இவன் சுண்டும் நாணயம் மட்டும் தங்க ஆயுதமாக மாறுகிறது. முதல் தொடரைப் படித்தவர்தான் ‘இங்கே ஏதோ பொருந்தவில்லை’ என்று நிமிர்ந்து உட்கார முடியும். அந்தப் பொருந்தாமைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவன் கூடவே தேடுவதுதான் அந்நூலின் சுகம். ‘தி ஹிடன் ஆரக்கிள்’ அதே விடையை ஊரறிந்த செய்தியாகப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. அதைப் படித்துவிட்டு வந்த எனக்கு ஜேசனின் குழப்பம் வெறும் காலதாமதமாகத் தோன்றியது. குறை நூலில் இல்லை, நான் வந்த வழியில்தான் இருந்தது.

பலர் இந்தத் தொடரைத் தாண்டுவதற்குத் தடிமனும் ஒரு காரணம். ஒவ்வொரு நூலும் 500 பக்கங்களுக்கு மேல் ஓடும். ‘தி லாஸ்ட் ஹீரோ’வில் பெர்சி வராததால் மனம் சோர்ந்து விட்டுவிடுபவர்களும் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பெர்சி எங்கே என்பதே அந்நூலின் கேள்வி, 2011இல் வந்த ‘தி சன் ஆஃப் நெப்டியூன்’ அதற்குப் பதில் சொல்கிறது, அதுவரை பொறுத்திருங்கள். இந்த ஐந்து நூல்களின் மாந்தர்களோடு நீண்ட நாள் வாழ்ந்தவருக்கு மட்டுமே, அப்போலோ தொடரின் மூன்றாம் நூலில் வரும் ஓர் இழப்பு உரிய கனத்தோடு வந்து விழும்.

வெளியான ஆண்டு வரிசையை அப்படியே பின்பற்றுவது

வெளியான வரிசை பொதுவாகப் பாதுகாப்பானது என்றாலும், 2010 முதல் 2012 வரை எகிப்தியத் தொடரான ‘தி கேன் கிரானிக்கிள்ஸ்’ நூல்களும் ‘ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ நூல்களும் மாறி மாறி வந்தன என்பதை மறக்கக் கூடாது. ஆண்டுப்படி போனால் ஒவ்வொரு நூலுக்குப் பின்னும் ஊரும் தெய்வங்களும் கதைசொல்லியும் மாறிக்கொண்டே இருக்கும். குறிப்பாக 2012இல் வந்த ‘தி மார்க் ஆஃப் அதீனா’ முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு வேறு எதையும் எடுக்க முடியாது. உடனே ‘தி ஹவுஸ் ஆஃப் ஹேடீஸ்’ கையில் இருக்க வேண்டும். ஒரு தொடரைத் தொட்டால் அதை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள்.

புராணங்களைக் கற்ற பிறகுதான் தொடங்க வேண்டும் என்று காத்திருப்பது

தேவையே இல்லை, பெர்சிக்கும் தொடக்கத்தில் அதிகம் தெரியாது.

தொடர்கள் சந்திக்கும் கதைகளை முந்திப் படிப்பது

பெர்சியும் எகிப்திய மந்திரவாதியான கார்ட்டர் கேனும் ஒரு ராட்சத முதலையைத் தேடிப் போன இடத்தில் சந்திக்கும் கதையில் தொடங்கும் மூன்று சிறுகதைகள் 2016இல் ஒரே தொகுப்பாக வந்தன. அளவில் சிறியது என்பதால் சிலர் அதை முன்னோட்டம் போல முதலில் எடுக்கிறார்கள். இரு தரப்பையும் தனித்தனியே அறிந்தவர்களுக்கு எழுதப்பட்டவை அவை. கேன் தொடரின் மூன்று நூல்களுக்கும் ‘ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ முடிந்ததற்கும் பிறகே அவற்றுக்கு இடம். நார்ஸ் புராணத் தொடரான ‘மேக்னஸ் சேஸ்’ நிலையும் கிட்டத்தட்ட அதுவே. அது தனித்து நிற்கும். ஆனால் அதன் நாயகன் மேக்னஸ், பெர்சியின் தோழியான அன்னபெத்தின் ஒன்றுவிட்ட சகோதரன், மூன்றாம் நூலில் பெர்சியும் வருகிறான். அதை ‘ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ தொடருக்குப் பின், அப்போலோவுக்கு முன் வைத்துப் படிக்கத் தருவதே என் வழக்கம்.

பாத்திரத்தின் பெயரை இணையத்தில் தேடுவது

வேண்டாம், முதல் வரியிலேயே அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

புதிய நூல்களை ஒரே மாதிரி நடத்துவது

2023இல் இரண்டு நூல்கள் வந்தன. ‘தி சாலிஸ் ஆஃப் தி காட்ஸ்’ பெர்சியின் பள்ளி இறுதியாண்டில் நடப்பது. கதைக்காலத்தில் அப்போலோ தொடருக்கு முந்தையது. ‘தி சன் அண்ட் தி ஸ்டார்’ அப்போலோ தொடர் முழுவதற்கும் பிந்தையது. முன்னதை ‘தி பிளட் ஆஃப் ஒலிம்பஸ்’ முடித்த எவரும் எடுக்கலாம். பின்னதை, அப்போலோ தொடரின் கடைசி நூலான ‘தி டவர் ஆஃப் நீரோ’ படிக்காதவர் திறக்கவே கூடாது. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை என்பதால் ஒரே கட்டாகப் பரிசளிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

என் அக்காள் மகளிடமிருந்து ‘தி ஹிடன் ஆரக்கிள்’ நூலை வாங்கி வைத்துக்கொண்டு, ‘தி லாஸ்ட் ஹீரோ’வைக் கொடுத்தேன். நேற்று வந்து, ஜேசன் ஏன் எல்லாத் தெய்வங்களின் பெயரையும் தப்பாகச் சொல்கிறான் என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.