போட்டோ பார்த்து மீன்கொத்தியை வாட்டர்கலரில் தீட்டுவது

முதலில் சரியான போட்டோ வேண்டும். கண்ணில் ஒளிப்புள்ளி தெரியணும், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழணும். உச்சிவெயிலில் எடுத்ததை ஒதுக்கிவிடுங்கள். வெண்மை வெளிறி, அங்கே இறகே தெரியாது. வேறொருவர் எடுத்த படமென்றால் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெண்தொண்டை மீன்கொத்தியை எடுத்துக்கொள்வோம். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) இருக்கட்டும். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் நெளியும். பிரஷ் 8, 4, 1 என மூன்று போதும்.

அலகின் நீளத்தைப் பென்சிலில் குறித்து, தலையும் உடலும் வாலும் அதைப்போல் எத்தனை மடங்கு என்று அளந்து வரையுங்கள். கண்தான் பெரும்பாலும் பிசகும். வாய்ப்பிளவுக் கோட்டைப் பின்னால் நீட்டிப் பாருங்கள். கண் அதற்குச் சற்று மேலே நிற்க வேண்டும். ரொம்ப மேலே ஏறினால் பறவைக்கு அசட்டுக்களை வந்துவிடும்.

இறகுகளை ஒவ்வொன்றாக வரையாமல் கூட்டம் கூட்டமாகப் பிரியுங்கள். மடங்கிய சிறகில் தோள்பக்கம் காப்பி நிறம், அதன் கீழே கரும்பட்டை, அப்புறம் பளீர் நீலம். போட்டோவில் கரும்பட்டை நிழல்போலத் தெரிவதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அதே பறவையின் வேறு இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எது நிறம், எது நிழல் என்று பிடிபடும்.

தொண்டையின் வெள்ளைக்குத் தாளையே பூசாமல் விடுங்கள். தலைக்கும் வயிற்றுக்கும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் துளி அல்ட்ராமரைன் என்ற அடர்நீலம். நீலம்தான் சிக்கல். அது சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. கேமராவோ அதை ஒரே அடர்த்தியில் அப்பிவைத்திருக்கும். அதை அப்படியே நகலெடுத்தால் சிறகு பிளாஸ்டிக்காகிவிடும். தேலோ நீலம் என்ற பளிச்சென்ற நீலத்தை நீர்க்கக் கரைத்து முதல் பூச்சு கொடுங்கள்; வெளிச்சம் படும் விளிம்பை அப்படியே விட்டு, நிழல்பக்கம் மட்டும் அல்ட்ராமரைன் சேர்த்து இன்னொரு பூச்சு. கருப்பு டியூபைத் தொடவே வேண்டாம், நீலம் செத்துப்போகும். கரும்பட்டைக்கும் கண்ணுக்கும் அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகக் கலந்தாலே போதும்.

பூச்சுக்குப் பூச்சு நன்றாகக் காயணும். புறங்கையை வைத்தால் தாள் சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். அப்போது மேலே பூசினால் ஓரமெல்லாம் காலிஃபிளவர் மாதிரி திட்டுத்திட்டாகும்.

செந்நிற அலகுக்கு மேல்விளிம்பில் வெளிர்கோடு விட்டு, கீழலகில் துளி நீலம் கலந்த சிவப்பு. கால்விரலைக் கவனியுங்கள்: முன்விரல்களில் நடுவிரலும் வெளிவிரலும் ஒட்டியிருக்கும், தனித்தனியாகப் பிரித்தால் வேறு பறவையாகிவிடும்.

1-ஆம் நம்பர் பிரஷ் கடைசியில்தான். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் சில இறகுக்கோடுகள் போதும். உடல் முழுக்கக் கீறினால் முள்ளு முள்ளாய்த் தெரியும். வயிற்றோரத்தை ஈரப் பிரஷால் லேசாகக் கரைத்துவிடுங்கள்; கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்காது. பிறகு போட்டோவையும் ஓவியத்தையும் போனில் கருப்பு வெள்ளையாக்கி ஒப்பிடுங்கள். ஓவியம் வெளிறித் தெரிந்தால் நிழல்பக்கம் இன்னொரு பூச்சு கேட்கிறது. கண்ணின் ஒளிப்புள்ளி மூடிப்போயிருந்தால் வெள்ளை குவாஷில் (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) ஒரு புள்ளி வைக்கலாம்.