பழைய ஜெர்மன் ஸ்டுடியோப் படம் கைக்கு வந்தால்

ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ பழைய சாமான்களுக்கிடையே 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஸ்டுடியோப் படம் ஒன்று அகப்பட்டால், முதலில் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும். அட்டை ஏறத்தாழ 6 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் இருந்தால், அது 1860களில் ஐரோப்பா முழுவதும் பரவிய விசிட்டிங் கார்டு வகை.

பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியால் முகத்தை ஆராயுங்கள். லித்தோகிராஃப் (கல்லச்சு) கலைஞராக இருந்து மூனிக் நகரில் 1853இல் புகைப்பட ஸ்டுடியோ திறந்த ஃபிரான்ஸ் ஹன்ஃப்ஸ்டெங்கல், நெகட்டிவிலேயே திருத்தும் முறையை 1855 பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்; கண்ணுக்குக் கீழே இயல்புக்கு மீறிய வழவழப்புத் தெரிந்தால், அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது என்று கொள்ளலாம். (இன்றைய ஃபில்டருக்கு அதுவே பாட்டன்.)

அக்காலத் தாளில் முட்டை வெண்கருவும் உப்பும் பூசி, வெள்ளி நைட்ரேட் ஏற்றி, வெயிலில் அச்சிட்டார்கள். ஈரம் சேர்ந்தால் அது மஞ்சளாகி மங்கும் என்பதால், வடசென்னையின் கடற்காற்றே அதற்கு எமன். அமிலமற்ற காகித உறையில் இட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் டப்பாவில் மூடி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். கிழிசலில் செலோடேப்பும் ஒட்ட வேண்டாம். நான் ஒட்டியதை உரித்தபோது, பாதி முகம் டேப்போடு வந்துவிட்டது.