வீடியோ காலில் குடும்பத்தோடு யோகா

ஊருக்கு ஒருவராகப் பிரிந்திருக்கும் குடும்பம் சேர்ந்து யோகா செய்ய ஒரு வீடியோ கால் போதும். சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். போனைப் படுக்கைவாட்டில், இடுப்பு உயரத்தில், பாயிலிருந்து 7, 8 அடி தள்ளி வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் உருவம் இருட்டாகிவிடும். தவறாக நிற்பதை யாரும் கவனித்துச் சொல்ல முடியாது.

பலரும் சிக்கிக்கொள்வது ஒலியில்தான். இணையத்தில் குரல் சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். எல்லோரும் ஒன்றாக ஓம் சொன்னால் குழப்பமே மிஞ்சும். ஒருவர் மட்டும் எண்ணட்டும், மற்றவர்கள் மியூட்டில் இருக்கட்டும். மூச்சை இழுக்க 4 எண்ணிக்கை, விட 6. திணறினால் 3, 4 எனக் குறையுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கவே வேண்டாம்.

தாடாசனம் (நேராக நிற்பது), விருட்சாசனம் (ஒற்றைக்காலில் நிற்பது), பிறகு சூரிய நமஸ்காரம் 3 சுற்று. விருட்சாசனத்தில் தூக்கிய பாதத்தை மறுகால் முட்டியில் அழுத்தாதீர்கள். தொடையில் அல்லது கெண்டைக்காலில் வையுங்கள். தரையில் உட்கார முடியாத பாட்டிக்குச் சக்கரமில்லாத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். எண்ணும் வேகம் அவருக்கு ஏற்றதாக இருக்கட்டும், பேரனுக்கு அல்ல.

கடைசியில் சவாசனம் (மல்லாந்து படுத்து ஓய்வு) 5 நிமிடம். அழைப்பைத் துண்டிக்காமல் மியூட்டை எடுத்து 10 நிமிடம் பேசுங்கள். அவசரத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள், விடவே கூடாது. லண்டனில் யாராவது இருந்தால், மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அங்கே கடிகாரம் 1 மணி நேரம் மாறும். அந்த வாரம் நேரத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள்.