பழைய சின்ன டெலஸ்கோப், அகலமான வானம்: வாங்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

அகல வானப் படமெடுப்புக்கு 60 முதல் 80 மி.மீ. விட்டமும் 250 முதல் 450 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள லென்ஸ் குழாய் போதும். 360 மி.மீ. குழாயின் பின்னால் ஏபிஎஸ்-சி சென்சார் (சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் நடுத்தர அளவு) கேமராவைப் பூட்டினால் ஏறக்குறைய 3.7 × 2.5 டிகிரி வானம் சட்டத்துக்குள் வரும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி முழுதாக உட்காரும். கார்த்திகைக் கூட்டம் தன் நீலப் புகையோடு வந்துவிடும். புதிதாக வாங்கினால் விலை கடிக்கும். அதனால் பலரும் கைமாறும் குழாய்களைத் தேடுகிறார்கள், அதில் தப்பில்லை. நல்ல லென்ஸ் பத்து வருடத்தில் கெட்டுப்போவதில்லை.

'500 மடங்கு பெரிதாக்கும்' என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பொம்மையை வாங்காதீர்கள் என்ற வகை அறிவுரைகள் இங்கே இல்லை. இதுவரை வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். இன்று ராத்திரி ராத்திரியாகப் படமெடுப்பவர்கள் ஒரு காலத்தில் செய்து கையைச் சுட்டுக்கொண்டு, புதியவர்கள் அப்படியே திரும்பச் செய்துகொண்டிருக்கும் தவறுகள் மட்டும் கீழே.

குழாய் இப்போது, ஃபிளாட்னர் அப்புறம்

ஃபிளாட்னர் என்பது குழாயின் பின்னால் பூட்டி, வளைந்த பிம்பத்தைத் தட்டையாக்கும் லென்ஸ். அதிகப் பணத்தைத் தின்பது அதைத் தள்ளிப்போடுவதுதான். எத்தனை முறை சொன்னாலும் நிற்காததும் இதுதான்.

காட்சி எப்போதும் ஒன்றுபோலவே ஓடும். 61 மி.மீ. குழாய் ஒன்று விலைக்கு வருகிறது. லென்ஸ் சுத்தம், விலை நியாயம். "ஃபிளாட்னர் இருக்காண்ணா?" "அது தனியா போயிடுச்சு தம்பி, தேவைப்பட்டா அப்புறம் வாங்கிக்கலாம்." தம்பி தலையாட்டிவிடுகிறார். முதல் ராத்திரி நிலாவை எடுக்கிறார், பிரமாதம். அடுத்த அமாவாசைக்கு ஏலகிரி ஏறிப்போய்க் கார்த்திகைக் கூட்டத்தை எடுத்தால் நடுவில் ஊசிமுனை நட்சத்திரங்கள், நான்கு மூலையிலும் வால்மீன் மந்தை.

நிலா ஏமாற்றியதற்குக் காரணம் உண்டு. அது அரை டிகிரிதான். சட்டத்தின் நடுவிலேயே அடங்கிவிடுகிறது. ஆனால் இரட்டை லென்ஸ் குழாய் உருவாக்கும் பிம்பம் தட்டையானது அல்ல, கிண்ணம் போல வளைந்தது. அந்த வளைவின் ஆரம் தோராயமாகக் குவியத் தொலைவில் மூன்றில் ஒரு பங்கு. 360 மி.மீ. குழாய்க்கு 130 மி.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஏபிஎஸ்-சி சென்சாரின் மூலை, நடுவிலிருந்து 14 மி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே பிம்பம் சென்சாரைவிட்டு 0.75 மி.மீ. விலகி நிற்கும். எஃப்/5.9 (குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்த எண்) ஒளிக்கூம்பில் அந்த விலகல் ஒரு நட்சத்திரத்தை 0.13 மி.மீ. அகலத்துக்குப் பரப்பிவிடும். 3.76 மைக்ரான் பிக்சல் என்றால் முப்பது பிக்சலுக்கு மேல். முழு ஃபிரேம் சென்சாரில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) இன்னும் இரண்டரை மடங்கு மோசம். குவியத் தொலைவு குறையக் குறைய வளைவு கூடும் என்பதால், 900 மி.மீ. குழாயில் லேசாகத் தெரிகிற குறை, அகல வானத்துக்கென்றே வாங்கும் குட்டைக் குழாயில் பூதாகரமாகத் தெரியும்.

'மூலையை வெட்டிவிடலாம்' என்பார்கள். வெட்டினால் நீங்கள் காசு கொடுத்த அகலம் போய்விடும். 'மென்பொருள் சரிசெய்யும்' என்பார்கள். இரண்டு மூன்று பிக்சல் கோணலைச் சரிசெய்யும்; முப்பதை அல்ல.

சரி, ஃபிளாட்னரைப் பிறகு வாங்கிவிட்டால்? அங்கேதான் இரண்டாவது பள்ளம். ஃபிளாட்னர் பொதுப் பொருள் அல்ல. ஒரு குழாயின் வளைவுக்கு ஏற்றபடி செய்யப்படுவது. வில்லியம் ஆப்டிக்ஸ் ஜெனித்ஸ்டார் 61-க்கு ஃபிளாட்61ஏ என்று தனி உண்டு, 73-க்கு ஃபிளாட்73ஏ. எல்லாக் குழாய்க்கும் பொருந்தும் என்று விற்கும் ஃபிளாட்னர்களிலும் குவியத் தொலைவு மாற மாறக் கேமராவை வைக்கும் தூரம் மாறும். பழைய மாடலின் ஃபிளாட்னர் தயாரிப்பிலிருந்து நின்றுபோயிருந்தால், அதைத் தேடும் ஒரு வருடத்தில் இன்னொரு குழாயே வாங்கிவிடலாம்.

அடுத்தது மரை. ஃபிளாட்னரின் முன்பக்க மரை குழாயின் மரையோடு சேர வேண்டும். சேராவிட்டால் 2 அங்குல மூக்கு வழியாகச் செருகி, இரண்டு திருகாணியில் நிறுத்துவார்கள். கேமராவின் எடையில் அது ஒரு பக்கம் சாயும்; ஒரு மூலை மட்டும் கெடும். பின்பக்கம் எம்48 (48 மி.மீ. விட்ட மரை) என்றால் நல்லது. எம்42 என்றால் முழு ஃபிரேமில் மூலை இருட்டும். எம்42-லேயே இரண்டு சாதி உண்டு: டெலஸ்கோப் உலகத்து டி2 மரையின் புரி இடைவெளி 0.75 மி.மீ., பழைய திருகு லென்ஸ் கேமராக்களுடையது 1 மி.மீ. ஒரு சுற்று ஏறியபின் இறுகும். பலத்தைக் காட்டினால் இரண்டு மரையும் போகும்.

கடைசியாக பேக்ஃபோகஸ், அதாவது ஃபிளாட்னரின் பின் விளிம்பிலிருந்து சென்சார் வரையான தூரம். பெரும்பாலும் 55 மி.மீ. அளக்க வேண்டியது மரையின் நுனியிலிருந்து அல்ல, மரை முடிந்து தோள் தொடங்கும் இடத்திலிருந்து. கேனான் டிஎஸ்எல்ஆருக்கு உடம்பில் 44, டி-ரிங்கில் (கேமராவை மரையோடு இணைக்கும் வளையம்) 11, மொத்தம் 55, தானாகவே சரியாகிவிடும். நிக்கானில் 46.5-ம் 8.5-ம். சோனி மிரர்லெஸ்ஸில் உடம்பு 18 மி.மீ. மட்டுமே, மீதி 37-ஐ அடாப்டர் நிரப்ப வேண்டும். இசட்டபிள்யூஓ ஏஎஸ்ஐ533, 2600 போன்ற கேமராக்களில் 17.5, கூட வரும் 16.5, 21 மி.மீ. வளையங்கள் சேர்ந்தால் 55. நடுவில் ஃபில்டர் போட்டால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்: 2 மி.மீ. ஃபில்டருக்கு 0.7 மி.மீ. இந்த 0.7-ஐ விட்டுவிட்டு லென்ஸைத் திட்டுபவர்கள் நிறைய.

எனவே விற்பவரிடம் மூன்று கேள்வி. ஃபிளாட்னரின் சரியான பெயர் என்ன? பேக்ஃபோகஸ் எத்தனை, எந்த விளிம்பிலிருந்து? இடைவெளியை நிரப்பும் ஸ்பேசர் வளையங்கள் எல்லாம் கூடவே வருகிறதா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது பாதிக் குழாய். பாதி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். அல்லது ஃபிளாட்னர் உள்ளேயே இருக்கும் பெட்ஸ்வால் வகைக்குப் போங்கள்: ரெட்கேட் 51 (250 மி.மீ., எஃப்/4.9), அஸ்கர் எஃப்ஆர்ஏ400 (400 மி.மீ., எஃப்/5.6). கொஞ்சம் கூடுதல் விலை, பெருமளவு தலைவலி மிச்சம். ஆனால் உள்ளே இருக்கும் பின் லென்ஸ் சாய்ந்துபோயிருந்தால் வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. ஆகவே கீழே சொல்லும் மூலைப் படம் இவற்றுக்கு இன்னும் கட்டாயம்.

அழகான படத்தைப் பார்த்து முடிவெடுப்பது

நூறு படங்களை அடுக்கி, வெட்டி, மெருகேற்றிய ஜேபெக், விற்பவரின் திறமைக்குத்தான் சான்று. கேட்க வேண்டியது ஒரே ஒரு ரா ஃபிரேம் (கேமரா பதிவுசெய்தபடியே, கை வைக்காத படம்): வெட்டாதது, 60 வினாடி அளவு, உங்கள் சென்சார் அளவிலோ அதைவிடப் பெரிய சென்சாரிலோ எடுத்தது. நான்கு மூலையையும் நூறு சதவீதத்தில் விரித்துப் பாருங்கள். நட்சத்திரங்கள் நடுவை நோக்கி நீண்டிருந்தால் பெரும்பாலான ஃபிளாட்னர்களில் சென்சார் கிட்டே இருக்கிறது என்று பொருள். ஸ்பேசர் கூட்டினால் தீரும். நடுவைச் சுற்றி வட்டமாக இழுபட்டிருந்தால் தூரம் அதிகம். நான்கு மூலையும் ஒரே மாதிரி கெட்டிருப்பது இடைவெளிப் பிரச்சினை, பயம் வேண்டாம். ஒரு மூலை மட்டும் கெட்டிருப்பது சாய்வு. அது கேமராவிலா குழாயிலா என்று அறிய, கேமராவை 90 டிகிரி திருப்பி இன்னொன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். கெட்ட மூலை படத்தில் அதே இடத்தில் நின்றால் குறை கேமராவில்; இடம் மாறினால் குழாயில்.

அதே ஃபிரேமைப் பிளேட் சால்வ் செய்தால் (மென்பொருளில் நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டால்) உண்மையான குவியத் தொலைவும் தெரியும். 0.8 ரெடியூசர் (குவியத் தொலைவை 0.8 மடங்காகக் குறைக்கும் லென்ஸ்) போட்டது என்கிறார், கணக்கு 0.85 காட்டுகிறது என்றால் அந்த இடைவெளி ஒருநாளும் சரியாக இருந்ததில்லை.

'ஈடி' என்ற இரண்டெழுத்து

80 மி.மீ., 400 மி.மீ., எஃப்/5 சாதா அக்ரோமாட் (ஈடி கண்ணாடி இல்லாத இரட்டை லென்ஸ்) குழாய்கள் மலிவாகக் கிடைக்கும். பிரகாசமான நட்சத்திரம் ஒவ்வொன்றையும் சுற்றி ஊதா ஒளிவட்டம் போடும். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் ஊதாவைக் கேமரா விடாமல் பதிவுசெய்யும். ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டரும் (ஒரு சிவப்பு நிறத்தை மட்டும் விடுவது) கறுப்பு-வெள்ளை மோனோ கேமராவும் வைத்திருப்பவருக்கு ஒரே நிறம்தான் என்பதால் இதுவே நல்ல பேரம், மற்றவர்களுக்கு இல்லை.

குழாயில் ஈடி (நிறம் பிரிவதைக் குறைக்கும் கண்ணாடி) என்று எழுதியிருப்பதும் போதாது. எஃப்பிஎல்-51 என்ற கண்ணாடியும் ஈடிதான், எஃப்பிஎல்-53 என்பதும் ஈடிதான். நிறம் கட்டுப்படுவதில் பின்னது மேல். அதோடு ஜோடி சேரும் இன்னொரு லென்ஸின் கண்ணாடி எது என்பதும் முக்கியம், அதை யாரும் எழுதுவதில்லை. அதனால் பெயரை நம்பாமல், ரா ஃபிரேமில் நீலச் சானலைத் தனியாகத் திறந்து பச்சையோடு ஒப்பிடுங்கள். நீலத்தில் நட்சத்திரங்கள் வீங்கியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. உட்புற ஃபில்டரைக் கழற்றி மாற்றிய கேமராவில் எடுத்த படம் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தடுக்கும் யூவி-ஐஆர் கட் ஃபில்டர் போட்டிருந்தாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் குற்றம் லென்ஸுடையது ஆகாது.

தூசியைக் கண்டு ஓடி, பூஞ்சையைக் கோட்டை விடுவது

டார்ச்சை நேராக அடித்தால் உலகத்தின் எந்த லென்ஸும் குப்பைமேடாகத் தெரியும். தூசி படத்தைக் கெடுக்காது. விளிம்பில் 120 டிகிரிக்கு ஒன்றாகத் தெரியும் மூன்று சின்னத் துண்டுகள் உடைசல் அல்ல. இரண்டு லென்ஸுக்கும் இடையே வைத்த இடைவெளித் தகடுகள்.

தேட வேண்டியது நூல் நூலாக, வேர் விட்டதுபோலக் கிளைக்கும் கறை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, பின்பக்கத்திலிருந்தும் பாருங்கள். இரண்டு மழைக்காலம் அட்டைப்பெட்டியில் கிடந்த கடற்கரை ஊர்க் குழாய்களில் இது சகஜம். வெளிப்பக்கம் என்றால் துடைத்துவிடலாம், கோட்டிங் அரித்திருக்காதவரை. லென்ஸுகளுக்கு நடுவே என்றால் விட்டுவிடுங்கள். லென்ஸுகளைப் பிடித்திருக்கும் செல் என்ற வளையத்தைக் கழற்றினால் தகடுகளும் லென்ஸுகளின் திசையும் மாறும். திரும்ப அதே கூர்மை வருவது அதிர்ஷ்டம். முன் வளையத்தின் திருகுகளில் கீறல் இருந்தால் யாரோ ஏற்கனவே அந்த அதிர்ஷ்டத்தைச் சோதித்திருக்கிறார்கள்.

ஏசி காரிலிருந்து எடுத்த உடனே பார்க்காதீர்கள். லென்ஸில் பூக்கும் ஈரத்தைப் பூஞ்சை என்று நினைத்து நல்ல குழாயைத் திருப்பிக் கொடுப்பதும் நடக்கிறது.

ஃபோகஸரை மேஜைமேல் படுக்கவைத்துச் சோதிப்பது

படுத்திருக்கும்போது எல்லா ஃபோகஸரும் (கூர்மைக்காக உள்குழாயை நகர்த்தும் பகுதி) வெண்ணெய்தான். கேமராவையும் ஃபிளாட்னரையும் மாட்டுங்கள், ஏறக்குறைய ஒரு கிலோ வரும். குழாயை நேர் உச்சிக்குத் திருப்பி, குமிழைச் சுற்றி எடையை மேலே ஏற்றச் செய்யுங்கள். குமிழ் சுற்றியும் உள்குழாய் நகராவிட்டால் வழுக்குகிறது. பற்சக்கரம் இல்லாமல் உருளையின் உராய்வில் ஓடும் கிரேஃபோர்டு வகையில் இது வழக்கம். இறுக்கத் திருகைக் கால் சுற்று ஏற்றிப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் உருளை ஓடும் தளம் தேய்ந்திருக்கும். பிறகு பூட்டுத் திருகை இறுக்கும்போது நட்சத்திரம் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். எஃப்/5.9-இல் கூர்மை தாங்கும் மொத்த இடைவெளியே 0.1 மி.மீ. அளவுதான்.

துருவ நட்சத்திரத்தை வைத்து லென்ஸைச் சோதிப்பது

நகராது என்பதால் வசதி என்பது வடக்கே உள்ளவர்களுக்கு. சென்னையில் அது தொடுவானத்திலிருந்து 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. அவ்வளவு தாழ்வில் காற்றே பட்டகமாகி ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் பூசும். உச்சிக்கருகே உள்ள நட்சத்திரத்தை எடுத்து, ஃபோகஸை இருபக்கமும் கொஞ்சம் விலக்கி, வளையங்கள் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

114/1000 என்று எழுதிய குட்டை நியூட்டன்

நியூட்டன் என்றால் லென்ஸுக்குப் பதில் ஆடி வைத்த டெலஸ்கோப். 114 மி.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத் தொலைவு என்கிறது, ஆனால் குழாயே அரை மீட்டர்தான். உள்ளே குவியத் தொலைவை நீட்டும் பார்லோ லென்ஸ் ஒளிந்திருக்கிறது. வேண்டாம்.

130/650 நியூட்டனில் கேமரா

பலவற்றில் ஃபோகஸே எட்டாது. படத்துக்கென்று செய்த 130 பிடிஎஸ் மாதிரி என்றால் மட்டும்.

80 என்பது 60-ஐவிடப் பெரியது

எடையிலும். வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் ஸ்டார் அட்வெஞ்சரர் டிராக்கரின் சுமை வரம்பு 5 கிலோ. படமெடுக்க அதில் மூன்றைத் தாண்டாமல் இருப்பது நல்லது. குழாய், வளையங்கள், கேமரா, கைடர் (பின்தொடர்தலைத் திருத்தும் சின்னக் கேமரா) எல்லாம் அதற்குள்.

வளையமும் டவ்டெயிலும் இல்லாமல் வருவது

குழாயைத் தாங்கியில் பொருத்த இந்த இரண்டும் வேண்டும். அவற்றின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

கூரியரில் அப்படியே வரவழைப்பது

ஃபோகஸரை முழுக்க உள்ளே இழுத்துப் பூட்டச் சொல்லுங்கள். ஃபிளாட்னரையும் ஸ்பேசர்களையும் கழற்றித் தனிப் பையில் போட்டு, பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டி, நடுவே இரண்டு அங்குல ஃபோம் வைக்கச் சொல்லுங்கள். கட்டும் முன் லென்ஸையும் மரைகளையும் அவர் படமெடுத்து அனுப்பட்டும். பெட்டியை நீங்கள் பிரிப்பதும் வீடியோவில் இருக்கட்டும்.