சிங்கப்பூரில் முதல் வாடகை வீடு: புதிதாக வருபவர்களுக்கான செய்முறை விளக்கம்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வருபவர்களில் பலர், வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போன பிறகுதான் விதிகளை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இந்த ஊரில் அந்த வரிசை உதவாது. யார், எந்த வகை வீட்டில், எத்தனை பேராக, எவ்வளவு காலம் வாடகைக்கு இருக்கலாம் என்பதை அரசாங்கம் நுணுக்கமாக வகுத்து வைத்திருப்பதால், அந்த வீடு சட்டப்படி உங்களுக்குக் கிடைக்கக்கூடியதுதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதன் பிறகு, ஒவ்வொரு கட்டத்திலும் உரிய ஆவணத்தைக் கண்ணால் பார்த்த பின்னரே பணத்தை அனுப்ப வேண்டும்.

வாங்கலாமா என்ற கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். 2023 ஏப்ரல் 27 முதல், குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ இல்லாத வெளிநாட்டவர் சிங்கப்பூரில் வீடு வாங்கினால், வழக்கமான முத்திரைத் தீர்வைக்கு மேல் 60 விழுக்காடு கூடுதல் தீர்வை செலுத்த வேண்டும். 15 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புள்ள ஒரு வீட்டுக்கு 44,600 வெள்ளி வழக்கமான தீர்வை, அதோடு 9 லட்சம் வெள்ளி கூடுதல் தீர்வை. அமெரிக்கா, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் விலக்கு உண்டு. இந்தியா, இலங்கைக் குடிமக்களுக்கு இல்லை. ஆகவே, புதிதாக வருபவருக்கு நடைமுறையில் வாடகை ஒன்றே வழி.

முதல் படி: எந்த வகை வீடு என்று தீர்மானியுங்கள்

அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (சுருக்கமாக வீவக) கட்டிய அடுக்குமாடி வீடு, தனியார் கூட்டுரிமை வீடு (எல்லாரும் கொண்டோ என்பார்கள்), இவை இரண்டில் ஒன்றில் தனி அறை என்று மூன்று தெரிவுகள் உண்டு. விளம்பரங்களில் வீவக வீடுகளை எண்ணும் முறை புதியவரைக் குழப்பும். நாலறை வீடு என்றால் படுக்கையறைகள் நான்கு அல்ல. மூன்று படுக்கையறைகளும் கூடமும் சேர்ந்த கணக்கு அது. மூவறை வீட்டில் படுக்கையறைகள் இரண்டுதான்.

வீவக வீட்டின் வாடகை பொதுவாகக் குறைவு; விதிகள் அதிகம். ஒரு விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்ச வாடகைக் காலம் 6 மாதம். மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டுகள், அதன் பிறகு புதுப்பிக்கலாம். உங்கள் வேலை அனுமதி, விண்ணப்பிக்கும் நாளில் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாவதாக இருக்க வேண்டும். முழு வீட்டையும் வாடகைக்கு எடுப்பதாயின், மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கான விகிதக் கட்டுப்பாடும் குறுக்கே வரும்: அவர்களுக்கு முழுதாக வாடகைக்கு விடப்படும் வீடுகள் வட்டார அளவில் 8 விழுக்காட்டையும், புளோக் (ஓர் அடுக்குமாடிக் கட்டடம்) அளவில் 11 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. அந்த வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில், வீட்டு உரிமையாளர் எவ்வளவு விரும்பினாலும் முழு வீட்டை உங்களுக்குத் தர முடியாது. முகவர்கள் முதல் குறுஞ்செய்தியிலேயே நாட்டையும் அனுமதி அட்டையின் வகையையும் கேட்பதற்கு இது ஒரு காரணம். ஒரே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சில உரிமையாளர்களின் மனத்தடையும் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருப்பதுண்டு. அத்தகைய இடத்தில் வாதாடி நேரத்தைச் செலவிடுவதைவிட அடுத்த வீட்டைப் பார்ப்பது மேல்.

கொண்டோவில் இந்த விகிதக் கட்டுப்பாடு இல்லை. குறைந்தபட்சக் காலம் தொடர்ச்சியாக 3 மாதம். வாடகை கூடும் என்றாலும் நடைமுறை எளிது.

அறை மட்டும் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீவக வீட்டில் அறையை வாடகைக்கு விடும் உரிமையாளர் அதே வீட்டில் வசித்தாக வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்து, தானும் அங்கே இருப்பதாகக் கணக்குக் காட்டிவிட்டு, மீதி வீடு முழுவதையும் வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். உரிமையாளர் வாரக்கணக்கில் தென்படாமல் அறைக்கதவு மட்டும் பூட்டியே இருந்தால், அந்த ஏற்பாட்டில் நீங்களும் சிக்கிக்கொள்ளக்கூடும். அதேபோல், ஏற்கெனவே குடியிருப்பவர் தன் அறையை உங்களுக்கு உள்வாடகைக்கு விட முன்வந்தால் மறுத்துவிடுங்கள். வீவக வீட்டில் அதற்கு அனுமதியே கிடையாது.

இரண்டாம் படி: முகவரைச் சரிபார்த்த பிறகே வீட்டைப் பாருங்கள்

சிங்கப்பூரில் முகவராகப் பணியாற்றும் ஒவ்வொருவரும் சொத்து முகவர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். மோசடிக்காரர்கள் உண்மையான முகவர் ஒருவரின் அட்டையைப் படமெடுத்து அனுப்புவது வழக்கம் என்பதால், பெயரும் எண்ணும் பொருந்துவது மட்டும் போதாது. மன்றத்தின் இணையத்தளத்தில் உள்ள பொதுப் பதிவேட்டில், உங்களை அழைத்த அதே கைப்பேசி எண்ணைத் தட்டிப் பாருங்கள். அந்த முகவரின் பெயரில் அந்த எண் வரவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, பலர் போட்டியிடுகிறார்கள் என்று சொல்லி முன்பணம் கேட்பவரைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்கவே தேவையில்லை. சந்தேகம் தீராவிட்டால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழைக்கலாம்.

இன்னொரு விதி புதியவர்களுக்குப் பெரும் பாதுகாப்பு. வீவக வீட்டு வாடகை தொடர்பான பணத்தை முகவர் கையாளவே கூடாது. அச்சாரம், வைப்புத்தொகை, வாடகை அனைத்தும் உரிமையாளருக்கு நேரடியாகச் செல்ல வேண்டும். முகவருக்குச் சேர வேண்டியது தரகுக் கட்டணம் மட்டும். அதற்குச் சட்டம் எந்த விகிதத்தையும் நிர்ணயிக்கவில்லை. பேசி முடிவுசெய்து முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே முகவர் ஒரே வாடகையில் இரு தரப்புக்கும் பணியாற்றவும் கூடாது.

மூன்றாம் படி: வீட்டைப் பார்க்கும்போது

முடிந்தால் பகலில் ஒரு முறையும் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் ஒரு முறையும் செல்லுங்கள். குளிரூட்டியை எல்லா அறைகளிலும் இயக்கிவிட்டுக் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். நீர் சொட்டுவதும் குளிராமல் வெறும் காற்று வருவதும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

விளம்பரத்தில் 'லேசான சமையல்' என்று இருந்தால் அதன் பொருளை விரித்துக் கேளுங்கள். ஓர் உரிமையாளருக்கு அது முட்டை பொரிப்பது. இன்னொருவருக்கு வெந்நீரும் நூடுல்சும். நமக்கோ கடுகு தாளிக்காமல் ஒரு நாளும் நகராது. தினமும் இரு வேளை எண்ணெய் காய்ச்சித் தாளித்துச் சமைப்போம் என்று தயக்கமின்றிச் சொல்லி, சம்மதம் பெற்று, அதை ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

நான்காம் படி: விருப்பக் கடிதமும் அச்சாரமும்

வீடு பிடித்திருந்தால் விருப்பக் கடிதம் ஒன்றைக் கொடுத்து, வழக்கமாக ஒரு மாத வாடகையை அச்சாரமாகச் செலுத்துவார்கள். உங்கள் கோரிக்கைகளைப் பேசித் தீர்க்க வேண்டிய இடம் இதுதான். ஒப்பந்தம் தயாரான பிறகு கேட்டால் உரிமையாளர் முகம் சுளிப்பார். மெத்தையை மாற்றுவது, துணி துவைக்கும் இயந்திரம், சமையல் அனுமதி, குடியேறும் தேதி எல்லாவற்றையும் கடிதத்திலேயே எழுதுங்கள். உரிமையாளர் ஏற்காவிட்டால் அச்சாரம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

பக்கங்கள் பல என்றாலும், உங்கள் பணத்தைத் தொடும் விதிகள் சிலவே. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையும் ஈராண்டு ஒப்பந்தத்துக்கு இரு மாத வாடகையும் வைப்புத்தொகையாகக் கேட்பது இங்குள்ள வழக்கம். வீட்டைக் காலி செய்த பின் எத்தனை நாட்களுக்குள் அது திரும்பும் என்பது எண்ணாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். 'உரிய காலத்தில்' என்ற சொல்லை ஏற்காதீர்கள்.

வெளிநாட்டு ஊழியருக்கு மிக முக்கியமானது டிப்ளமேட்டிக் கிளாஸ் (diplomatic clause) எனப்படும் விதி. வேலை பறிபோனாலோ நிறுவனம் வேறு நாட்டுக்கு மாற்றினாலோ ஒப்பந்தத்தை இடையில் முடித்துக்கொள்ள அது வழிவிடுகிறது. ஈராண்டு ஒப்பந்தத்தில் முதல் 12 மாதம் கழிந்த பின், 2 மாத முன்னறிவிப்புடன் வெளியேறலாம் என்பதே பொதுவான வடிவம். ஆக, நடைமுறையில் 14 மாத வாடகைக்கு நீங்கள் பொறுப்பு. நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் மட்டுமே பொருந்தும் என்று சில ஒப்பந்தங்கள் சுருக்கிவிடும். வேலை அனுமதி ரத்தாவதும் புதுப்பிக்கப்படாமல் போவதும் அதில் அடங்கும் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இந்த விதியைப் பயன்படுத்தும்போது, உரிமையாளர் முகவருக்குக் கொடுத்த கட்டணத்தில் மீதிக் காலத்துக்குரிய பங்கை நீங்கள் ஈடுசெய்ய வேண்டும் என்ற துணைவிதியும் பெரும்பாலும் இருக்கும்.

அடுத்து, சிறு பழுது விதி. ஒவ்வொரு பழுதிலும் குறிப்பிட்ட தொகை வரை வாடகைதாரர் ஏற்க, அதற்கு மேல் உரிமையாளர் ஏற்பார். குடியேறிய முதல் 30 நாட்களில் தெரியவரும் பழுதுகள் முழுவதும் உரிமையாளர் பொறுப்பு என்ற வரி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். குளிரூட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்கள் செலவில் பராமரிக்கச் சொல்வது வழக்கம். அந்த ரசீதுகளை வீசிவிடாதீர்கள். சொத்து முகவர் மன்றத்தின் இணையத்தளத்தில் மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது. உங்களுக்குத் தரப்பட்டதை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் எந்த விதி காணாமல் போயிருக்கிறது என்பது புலப்படும்.

வீவக வீடாயின், வாடகைக் காலம் தொடங்கும் முன்பே உரிமையாளர் கழகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். உங்கள் பெயர் இடம்பெற்ற அந்த அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தங்கப்போகும் அனைவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் உறவினர் அல்லாத 6 பேர் வரை தங்கலாம் என்பது பொது வரம்பு. 2024 ஜனவரி முதல் நாலறை, அதைவிடப் பெரிய வீடுகளுக்கு இது தற்காலிகமாக 8 ஆக உயர்த்தப்பட்டது.

ஆறாம் படி: முத்திரைத் தீர்வை

இது வாடகைதாரர் செலவு. நான்கு ஆண்டுகளுக்கு மிகாத ஒப்பந்தமாயின் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 2,800 வெள்ளி, ஈராண்டு என்றால் மொத்தம் 67,200 வெள்ளி. தீர்வை 268 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாட்களுக்குள், வெளிநாட்டில் கையெழுத்திட்டால் ஒப்பந்தம் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 30 நாட்களுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் செலுத்த வேண்டும். முகவரே கட்டிவிடுவார் என்றால் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரையிடப்படாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில், வைப்புத்தொகை 5,600, முதல் மாத வாடகை 2,800, தீர்வை 268 என்று, தரகுக் கட்டணம் நீங்கலாகவே 8,668 வெள்ளி குடியேறும் முன் தேவைப்படும்.

ஏழாம் படி: சாவி வாங்கும் நாள்

இந்த நாளில் செலவிடும் இரண்டு மணி நேரம்தான் பின்னாளில் வைப்புத்தொகையைக் காக்கும். பொருட்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகச் செல்லுங்கள். சோபாவை நகர்த்தி அதன் பின்னால் உள்ள சுவரையும், மெத்தையைப் புரட்டி அடிப்பக்கத்தையும், சமையல்மேடைக்குக் கீழே உள்ள குழாய் மூட்டையும் படமெடுங்கள். தரைப் பலகையின் கீறலை எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். அன்றே எல்லாப் படங்களையும் உரிமையாளருக்கும் முகவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கைப்பேசியில் மட்டும் கிடக்கும் படத்துக்கு அவ்வளவு வலு இல்லை. மின்சாரம், தண்ணீர்க் கணக்கை எஸ்பி குழுமத்தில் உங்கள் பெயரில் தொடங்குங்கள். புதிய முகவரியை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குத் தாமதமின்றித் தெரிவியுங்கள். அனுமதி அட்டைக்குரிய பதிவில் பழைய முகவரி இருக்கக் கூடாது.

காலி செய்யும்போது

கடைசி மாத வாடகையை வைப்புத்தொகையில் கழித்துக்கொள்ளச் சொல்வது பலருக்குத் தோன்றும் வழி. பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைத் தடைசெய்கின்றன. வாடகையைக் கட்டிவிட்டு, முதல் நாள் படங்களுடன் ஒப்பிட்டு வீட்டை ஒப்படையுங்கள். இயல்பான தேய்மானத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது என்பது வழக்கமான விதி. நியாயமின்றிப் பிடித்தால், செலவு ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்டு எழுதுங்கள். அப்படியும் தீராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தை அணுகலாம். ஈராண்டுக்கு மிகாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளையும், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் அது விசாரிக்கும். வழக்கறிஞர் வாதாட அங்கே இடமில்லை. நீங்களேதான் பேச வேண்டும். முத்திரைச் சான்றிதழ், பொருட்பட்டியல், தேதியுடன் அனுப்பிய மின்னஞ்சல், குளிரூட்டிப் பராமரிப்பு ரசீதுகள் ஆகியவற்றை வரிசைப்படுத்தி எடுத்துச் செல்லுங்கள்.