மலை ஏறும்போது மட்டும் வந்த 'டக்' சத்தம்

மலேசியாவின் தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். தோட்டத்துச் சமதளச் சாலையில் சத்தமே போடாத என் சைக்கிள், ஏற்றம் தொடங்கியதும் ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்றது. பெடலைக் கழற்றி கிரீஸ் போட்டேன், சங்கிலியை மாற்றினேன், கடையில் பாட்டம் பிராக்கெட்டையும் (பெடல் தண்டுகள் சுழலும் அச்சுப் பகுதி) மாற்றிப் பார்த்தார்கள், பத்து நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் கவனித்தேன்: எழுந்து நின்று மிதித்தால் சத்தம் இல்லை, உட்கார்ந்தால்தான் வருகிறது. சரி என்று சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கி, சட்டகக் குழாய்க்குள் இறங்கும் தண்டு) உருவினால், பிடிப்பு வளையத்துக்குக் கீழே செம்மண்ணும் மழைத்தண்ணீரும் கலந்து வட்டமாகப் படிந்திருந்தது. பழைய உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, போஸ்ட்டையும் குழாயின் உள்பக்கத்தையும் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவி முறுக்கினேன். என்னுடையது அலுமினியம்; கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று உள்ள பேஸ்ட்தான்.

நேற்று அதே மலைப்பாதையில் உள்ள ரிங்லெட் வரை உட்கார்ந்தே ஏறினேன், ஒரு 'டக்' கூட இல்லை. அப்பாடா!